டிரெய்லர் டயர் சென்சார்களுக்கு ஒரு குளிர்காலம்: ஒண்டாரியோவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

டிரெய்லரைக் குளிர்காலத்துக்கு ஓரங்கட்டும்போது அதன் டயர் அழுத்தச் சென்சார்களை என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அதில் தவறில்லை. ஆனால் பேட்டரி இதில் இரண்டாவது விஷயம்தான், முதல் விஷயம் காற்று. வால்வின் நுனியில் திருகி வைக்கிற சென்சார், காற்றை அடைத்து நிற்கும் வேலையை வால்விடமிருந்து தான் வாங்கிக்கொள்கிறது. அந்த வேலையை உறைபனியில் மாதக்கணக்கில் செய்ய அதனுள் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்துக்குத் தெம்பில்லை. நண்பர் ஒருவரின் டிரெய்லரில் ஒரே குளிர்காலத்தில் மூன்று சென்சார்கள் மூன்று விதமாகக் கெட்டன. மூன்றுக்கும் குளிர்தான் காரணம் என்று அவர் நினைத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் வேறு வேறு காரணங்கள் இருந்தன. அதை முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

டிரெய்லரும் சென்சார்களும்

நண்பர் இருப்பது கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், கிச்சனர் நகரில். பிக்கப் டிரக்குக்குப் பின்னால் இழுத்துச் செல்கிற, படுக்கையும் சமையலறையும் உள்ள இரட்டை அச்சு டிரெய்லர் அவருடையது. தரையில் நான்கு டயர்கள், பின்னால் ஒரு ஸ்டெப்னி. டயர் அளவு எஸ்டி225/75ஆர்15. எஸ்டி என்பது டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களின் குறி. அவருடையது டி சுமை வகை. அதாவது குளிர்ந்த நிலையில் அதிகபட்சம் 65 பிஎஸ்ஐ காற்று, ஒரு டயருக்கு 2,540 பவுண்டு எடை.

கார்களில் இந்தச் சென்சார் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் டயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயமானது. டிரெய்லர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் டிரெய்லர்காரர்கள் தனியாகத்தான் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரில் ஒரு டயர் இறங்கினால் ஸ்டீயரிங் சொல்லிவிடும். இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் இறங்கினால் பக்கத்து டயர் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்கும், ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. காற்றில்லாத டயர் சூடேறி வெடிக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பிய்ந்த ரப்பர் சக்கர மூடியையும் அதன் மேலே ஓடும் ஒயர்களையும் அடித்து நொறுக்கியிருக்கும். இரட்டைச் சுமை சுமந்த பக்கத்து டயரையும் அதன்பின் நம்ப முடியாது.

நண்பர் வாங்கியது மூடி வகை. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சென்சாரைத் திருகினால் வேலை முடிந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிஆர்1632 பட்டன் செல்: 16 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். டிரக்கின் முகப்பில் ஒரு சின்னத் திரை. நான்கு டயர், ஸ்டெப்னி ஒன்று, ஆக ஐந்து சென்சார்கள்.

என்ன நடந்தது

ஒண்டாரியோவில் டிரெய்லர் பருவம் மே மாத விக்டோரியா தின விடுமுறையில் தொடங்கி அக்டோபர் நன்றி தெரிவித்தல் விடுமுறையோடு முடிந்துவிடும். மீதி 7 மாதம் வண்டி சும்மா நிற்கும். வீட்டு வாசலில் குளிர்காலம் முழுக்க டிரெய்லரை நிறுத்தப் பல நகரங்களில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே நகருக்கு வெளியே பண்ணைகளில் வாடகைக்கு விடும் திறந்தவெளி இடங்களில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம்.

நண்பர் அந்த வருடம் நவம்பர் கடைசியில்தான் டிரெய்லரைப் பண்ணைக்குக் கொண்டுபோனார். அதற்குள் முதல் பனி விழுந்து சாலையில் உப்புத் தூவியிருந்தார்கள். போகிற வழியில் வலது பின் டயரில் காற்று குறைகிறது என்று திரை சொன்னது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சென்சாரைக் கழற்றி, காற்று பிடித்து, திரும்பத் திருகினார். பண்ணையில் நிறுத்திவிட்டு ஐந்து சென்சார்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார். "குளிர்காலத்திலும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்தால் டயர் எப்படி இருக்குன்னு திரையிலேயே தெரியுமே" என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான்.

ஜனவரியில் கூரைமேல் சேர்ந்த பனியைத் தள்ளப் போனார். அன்று மைனஸ் 20 டிகிரி. டிரக்கில் திரையைச் சொருகியதும் அது விடாமல் கத்தியது. ஐந்து டயரிலும் காற்று குறைவு. இடது முன் 37 பிஎஸ்ஐ, மற்றவை 50-க்கும் 52-க்கும் இடையில். வலது முன், வலது பின் இரண்டிலும் பேட்டரி தீர்கிறது என்ற குறி வேறு.

மே மாதம் ஹ்யூரான் ஏரிக்கரைப் பைனரி பூங்காவுக்குக் கிளம்புவதற்காக வண்டியை எடுக்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். பார்த்தது இதுதான். இடது முன் டயர் கண்ணுக்கே தெரிகிற அளவு தட்டையாக, கை மானியில் 31. வலது முன் சென்சார் பேசவே இல்லை. வலது பின் சென்சார் நன்றாகப் பேசியது, ஆனால் கழற்ற வரவில்லை. இடது பின்னும் ஸ்டெப்னியும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

ஜனவரி எண்கள் சொன்னது

சென்சாரைத் தொடுவதற்கு முன் ஜனவரி எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து டயரும் ஒரே சமயத்தில் ஓட்டையாகிவிட்டன என்று அன்று அவர் பயந்துபோயிருந்தார்.

மூடிய இடத்தில் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். விகிதம் பார்க்க வெப்பநிலையைக் கெல்வினிலும், அழுத்தத்தை வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் சேர்த்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் 20 டிகிரியில் 65 பிடித்திருந்தார். 65-உம் 14.7-உம் சேர்ந்து 79.7. 20 டிகிரி என்பது 293 கெல்வின், மைனஸ் 20 என்பது 253. 79.7-ஐ 253-ஆல் பெருக்கி 293-ஆல் வகுத்தால் 68.8 வரும். அதில் 14.7 கழித்தால் 54. ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமலே மானி 65-லிருந்து 54-க்கு இறங்கிவிடும்.

இந்தத் திரையில் எச்சரிக்கை எல்லை 15 சதவீதம் குறைவு என்று வைக்கப்பட்டிருந்தது, அதாவது சுமார் 55. ஆகவே மைனஸ் 20-ல் நல்ல டயருக்கும் அது கத்தத்தான் செய்யும். ரப்பர் வழியாக இயல்பாகவே மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் கசியும் என்பதையும் சேர்த்தால் 50, 51, 52 எல்லாம் எதிர்பார்க்கக்கூடிய எண்கள். 37 மட்டும்தான் கேள்விக்குரியது.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அன்றைக்கு அவர் பதற்றத்தில் கம்ப்ரஸர் கொண்டுபோய் எல்லா டயரிலும் 65 பிடித்திருந்தால், 20 டிகிரி வெயிலில் அது 77-ஐத் தாண்டியிருக்கும். டயரின் அதிகபட்சம் 65 என்று பக்கச் சுவரில் அச்சாகியிருக்கிறது. கடுங்குளிரில் காற்று பிடித்துவிட்டு வசந்தத்தில் அளக்காமல் ஓட்டுவது, காற்றுக் குறைவாக ஓட்டுவதற்குச் சற்றும் சளைத்த தவறல்ல. நல்லவேளையாக அவர் பனியை மட்டும் தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

இடது முன்: வால்வா, சென்சாரா

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஆணி. சக்கரத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தோம். டயரில் குமிழி இல்லை. ரிம் ஓரத்தில் இல்லை. சென்சாரின் கழுத்தில், வால்வோடு சேரும் இடத்தில், மிக மெதுவாக ஒரு நுரை எழுந்தது.

வால்வின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த நுரையின் பொருள் விளங்கும். நம் டயர்களில் இருப்பது 1890-களில் ஆகஸ்ட் ஷ்ரேடர் கொண்டுவந்த வடிவம். குழாயின் நடுவே ஸ்பிரிங் வைத்த, சிறு ஊசி போன்ற ஒரு பின். பின் மேலே இருக்கும்வரை காற்று வெளியே வராது, பின்னை அழுத்தினால் வரும். நாம் போடும் மூடி பின்னைத் தொடுவதில்லை. அது தூசியையும் ஈரத்தையும் தடுக்கிறது, உள்ளே ரப்பர் இருந்தால் இரண்டாவது காவலாகவும் நிற்கிறது.

மூடி வகைச் சென்சார் அழுத்தத்தை அளக்க வேண்டுமானால் டயரின் காற்று அதற்குள் வந்தாக வேண்டும். அதற்காக அது பின்னை அழுத்திப் பிடித்தபடியே இருக்கிறது. ஆக, சென்சார் மாட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வால்வு திறந்தே கிடக்கிறது. டயரின் காற்றுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது சென்சாருக்குள் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றுதான். கோடையில் ஓட்டும்போது இதில் பிரச்சினை இல்லை. ரப்பர் மென்மையாக இருக்கும், ஏதாவது கசிந்தால் சென்சாரே சொல்லிவிடும், நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். ஆள் இல்லாத பண்ணையில், மைனஸ் 20-லும் அதற்குக் கீழும், மாதக்கணக்கில் என்றால் கதை வேறு. ரப்பர் குளிரில் விறைக்கும். நெடுநாள் நசுங்கியே இருந்த வளையம் பழைய உருண்டை வடிவத்துக்குத் திரும்பாது. விறைப்பும் நசுங்கலும் சேரும்போது ஒரு மயிரிழை இடைவெளி போதும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே டயரில் மூன்று நிலைகளைப் பார்த்தோம். சென்சாரைக் கழற்றி, 65 பிடித்து, சாதாரண மூடி போட்டு ஒரு வாரம் விட்டதில் காற்று இறங்கவில்லை. அதாவது வால்வு நல்லது. பிறகு பழைய ஓ-ரிங்கோடு அதே சென்சாரைத் திருகினால் சோப்புத் தண்ணீரில் மறுபடி நுரை. புது ஓ-ரிங் மாற்றித் திருகினால் நுரை இல்லை. கழற்றிய வளையத்தை விரலில் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் தட்டையாக, பளபளப்பாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் மாற்றியதில்லை. உதிரி வளையங்கள் சென்சார் வந்த டப்பாவிலேயே ஒரு பொட்டலத்தில் இருந்தன.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சக்கரம்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, செத்த சென்சாரை வால்விலேயே மூடி போல விட்டுவைப்பவர்களும் உண்டு. அதனால் செல் மிச்சமாகும், காற்றுக்கு ஒரு பயனும் இல்லை. பின் அழுந்தியேதான் இருக்கும். கசிந்தாலும் சொல்ல ஆளில்லை.

காற்றில்லாமல் நிற்கும் டயருக்கு நேர்வதும் சிறியதல்ல. டிரெய்லரின் எடை முழுக்க அதன் பக்கச் சுவரை ஒரே இடத்தில் மடித்து வைத்திருக்கும். அந்த டயரை அவர் ஓட்டவில்லை, மாற்றிவிட்டார். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வலது முன்: தூங்காத சென்சார்

பேசாமல் போன சென்சாரைக் கழற்றி, வீட்டுக்குள் சூட்டில் வைத்து, மறுநாள் செல்லை எடுத்து மீட்டரில் பார்த்தோம். 2.7 வோல்ட். சில நூறு ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே வைத்து அளந்ததும் 2-க்குக் கீழே விழுந்தது. உண்மையிலேயே தீர்ந்த செல். ஜனவரியில் இதே எச்சரிக்கையைக் காட்டிய வலது பின் சென்சாரோ மே மாதம் குறியே இல்லாமல் பேசியது.

ஒரே குறிக்கு இரண்டு பொருள் எப்படி? லித்தியம் பட்டன் செல்லின் உள்தடை குளிரில் ஏறுகிறது. சென்சார் ரேடியோவை இயக்கும் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிகிறது. நல்ல செல்லும் மைனஸ் 20-ல் தீர்ந்தது போலக் காட்டும், வெயில் வந்தால் திரும்ப நிமிர்ந்துவிடும். உறைகுளிரில் வரும் பேட்டரிக் குறியை வைத்துச் செல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சூடேற்றி, லேசான சுமை வைத்து அளந்த பிறகு முடிவு செய்யலாம். சுமை இல்லாமல் அளப்பதும் ஏமாற்றும். இந்த வகைச் செல் கடைசிவரை 3 வோல்ட்டை ஒட்டியே காட்டிவிட்டுத் திடீரென்று விழும்.

சரி, வலது முன் மட்டும் ஏன் தீர்ந்தது? முந்தைய கோடையில் மற்ற நான்குக்கும் செல் மாற்றியிருந்தார்கள். இது அப்போது எச்சரிக்கை காட்டாததால் பழைய செல்லோடு விட்டுவிட்டார்கள். காரணம் அவ்வளவுதான். ஆனால் குளிர்காலம் அதில் எவ்வளவு தின்றது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த வகைச் சென்சார்கள் பெரும்பாலும் அழுத்தத்தை வைத்து விழிப்பவை. காற்று உள்ளே வந்ததும் விழித்து, சில நொடிகளுக்கொரு முறை அளந்து, சில நிமிடங்களுக்கொரு முறை ஒலிபரப்பும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பனி மூடிய பண்ணையில், திரை அணைந்து கிடக்க, கேட்க ஆளில்லாத இடத்தில் அது பேசிக்கொண்டே இருக்கும். சிஆர்1632-இன் கொள்ளளவு ஏறக்குறைய 130 மில்லிஆம்பியர்-மணி. சராசரியாக 10 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 7 மாதத்தின் 5,000 சொச்சம் மணி நேரத்தில் சுமார் 50 மில்லிஆம்பியர்-மணி போய்விடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கழற்றி, தூங்க வைத்து, 1 மைக்ரோஆம்பியர் மட்டும் இழுத்தால் 5 போகும். செல் சும்மா கிடந்தாலே இழப்பது வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கழற்றினால் உண்மையில் தூங்குகிறதா என்பதையும் சோதித்தோம். திரையை ஓடவிட்டு இடது பின் சென்சாரைக் கழற்றினால், காற்று முழுக்க இறங்கிவிட்டது என்று ஒருமுறை அலறியது. அதன்பின் அதிலிருந்து புதிய செய்தியே இல்லை. இந்த மாடல் தூங்குகிறது. எல்லா மாடலும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுடையது எப்படி என்று இதே வழியில் வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

டயருக்குள்ளே ரிம்மோடு பொருத்தும் சென்சார்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவை அசைவை வைத்து விழிப்பவை, நின்ற வண்டியில் தாமாகவே அடங்கிவிடும், பின்னையும் அழுத்துவதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

வலது பின்: ஒட்டிப்போன திருகு

மூன்றாவது சிக்கல்தான் கைக்கு ஆபத்தானது. வால்வுக் குழாயின் திருகு பித்தளை. இந்தச் சென்சாரின் உள்திருகு அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன மின்கலமாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பொங்கித் திருகின் இடுக்குகளை நிரப்பி இரண்டையும் ஒட்டிவிடும்.

எல்லாச் சக்கரத்திலும் லேசான வெள்ளைப் பொடி இருந்தது. இந்த ஒன்று மட்டும் இறுகியதற்குக் காரணம் நவம்பர் பயணத்தில் இருக்கிறது. உப்புத் தூவிய சாலையில் வந்த ஈரச் சக்கரத்தில், பெட்ரோல் பங்கில் வைத்துக் கழற்றித் திரும்ப மாட்டியது இதை மட்டும்தான். வெளியே படிந்திருந்த உப்பு ஈரம் திருகுக்குள்ளேயே போய்விட்டது. மற்றவற்றில் அது வெளியோடு நின்றது.

இப்படி ஒட்டிய சென்சாரைப் பிளையர் போட்டு முறுக்கக் கூடாது. குழாயின் நுனிதான் பித்தளை, அடிப்பகுதி ரிம் துளையில் செருகிய ரப்பர். முறுக்கினால் சென்சாரோடு சேர்ந்து அந்த ரப்பர் முறுகிக் கிழியும். 50 பிஎஸ்ஐக்கு மேல் காற்றுள்ள டயரின் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல அது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, பித்தளையை ஒரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு சென்சாரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தோம். நகரவில்லை. சக்கரத்தைக் கழற்றி டயர் கடைக்குக் கொண்டுபோனோம். காற்றைப் பத்திரமாக இறக்கி, வால்வையே வெட்டி எடுத்து, ரிம்மில் நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு வைத்துக் கொடுத்தார்கள். சென்சார் அந்த வால்வோடேயே போனது.

உலோக வால்வு இந்த டிரெய்லருக்கு முதலிலேயே பொருத்தமானது. சாதாரண ரப்பர் வால்வின் எல்லை 65 பிஎஸ்ஐ. இந்த டயரில் நாம் அந்த எல்லையிலேயே நிற்கிறோம். அதன் நுனியில் சென்சாரின் எடையும் தொங்கினால் சக்கரம் சுழலும்போது அடிரப்பர் வளைந்து வளைந்து ஓய்ந்துபோகும். கழற்றாமலே காற்று பிடிக்க வழி உள்ள நீளமான சென்சார்கள் இன்னும் கனமானவை, அவற்றுக்கு உலோக வால்வு கட்டாயம் என்றே சொல்வேன்.

திரை

டிரக்கின் திரையும் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு முன்புபோல் சார்ஜ் நிற்கவில்லை. அதற்குள் இருப்பது திரும்பத் திரும்ப ஏற்றும் லித்தியம்-அயன் பேட்டரி. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி டிரக்கில் சொருகியது அதற்கு நல்லதில்லை. திரையைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்தால் போதும்.

அடுத்த குளிர்காலம்

அடுத்த நவம்பரில் வரிசையை மாற்றினோம். பண்ணை வரை சென்சார்கள் டயரிலேயே இருந்தன, வழியில் அவை தேவை. நிறுத்திய பிறகு அங்கேயே ஒவ்வொன்றாகக் கழற்றி, திருகைத் துணியால் துடைத்து, உள்ளே ரப்பர் உள்ள சாதாரண மூடியைப் போட்டார். மூடி போடுமுன் வால்வின் நுனியில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த வால்வுப் பின் சில சமயம் முழுக்க மேலே வராது. அப்படி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கழற்றிய ஐந்தும் மருந்துக்கடையில் கிடைக்கும் வாரமாத்திரை டப்பாவுக்குள் போயின. ஒவ்வொரு அறையின் மேலும் இடது முன், இடது பின் என்று ஒட்டினார். சென்சார்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எந்த எண் எந்தச் சக்கரம் என்பதைத் திரை நினைவில் வைத்திருக்கிறது. இடம் மாற்றி மாட்டினால் நெடுஞ்சாலையில் இடது டயர் இறங்கும்போது வலதுக்கு எச்சரிக்கை வரும், நீங்கள் தவறான சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டப்பாவை வெப்பம் அதிகம் ஏறாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்தார். ஹீட்டர் பக்கத்திலோ கராஜிலோ வைப்பதை நான் விரும்பமாட்டேன். கராஜின் ஈரமும் ஏறி இறங்கும் வெப்பமும் பண்ணையை விடக் கொஞ்சம்தான் மேல்.

செல்லைக் கழற்றுவதா, வேண்டாமா

இங்கேதான் ஆளுக்கொரு கருத்து. சென்சாரோடு வரும் கையேடுகளும் ஒன்றுபோல் சொல்வதில்லை. கையேடு கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். வால்விலிருந்து எடுத்த பிறகும் தூங்காத மாடல் என்றாலும் கழற்றுங்கள். மற்றபடி, தூங்கும் மாடலில் ஒரு வருடம் ஆகாத செல் இருந்தால் விட்டுவைப்பதே நல்லது என்பது என் நிலை. லித்தியம் பட்டன் செல்கள் பழைய பென்சில் செல்கள் போல எளிதில் ஒழுகுவதில்லை. ஆனால் சென்சாரின் மேல்மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே இருக்கும் தண்ணீர்த் தடுப்பு வளையம் கொஞ்சம் தேய்கிறது. அது சரியாக உட்காராவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே ஈரம் போகும். செல் மாற்றும்போது மட்டும், வருடத்துக்கு ஒருமுறை, ஐந்துக்கும் சேர்த்துத் திறந்தால் போதும். எச்சரிக்கை வந்ததை மட்டும் மாற்றும் பழக்கம் வலது முன்னில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோமே.

செல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் துப்பட்டும் என்று சில பட்டன் செல்களின் அடியில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கிறது. தொலைந்த பொருளைத் தேட உதவும் தன் ஏர்டேக் கருவி விஷயத்தில் ஆப்பிள் இதைச் சொல்லியே எச்சரிக்கிறது. புதுச் செல் போட்டும் சென்சார் விழிக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

கழற்றிய செல்களை மேஜைமேல் விடாதீர்கள். விழுங்கிய பட்டன் செல் 2 மணி நேரத்துக்குள் குழந்தையின் உணவுக்குழாயை எரித்துவிடும். இதற்காகவே 2022-ல் அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது. மாத்திரை டப்பாவில் பட்டன் வடிவப் பொருள்களை வைப்பதால் இந்தக் கவலை இன்னும் கூடுகிறது. நண்பர் அந்த டப்பாவைப் பூட்டுள்ள பெட்டிக்குள்தான் வைக்கிறார். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் மாத்திரை டப்பாவே வேண்டாம், வேறு எதுவானாலும் சரி.

மே மாதம்

ஏப்ரல் கடைசியில் போய் அளந்தபோது நான்கு டயரும் ஸ்டெப்னியும் கணக்குக்குள் அடங்கிய எண்களைத்தான் காட்டின. எதுவும் தனியாக இறங்கவில்லை. திரும்ப மாட்டுவதற்கு ஒரு குளிர்ந்த காலையைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் ஒரு பக்கம் அடித்துவிட்டால் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மற்றதோடு ஒப்பிட முடியாது. முதலில் கை மானியில் எல்லாவற்றையும் 65-க்குக் கொண்டுவந்தோம். ஐந்து சென்சாருக்கும் புது ஓ-ரிங், திருகில் விரல்நுனி அளவு சிலிகோன் கிரீஸ். கிரீஸ் உள்ளே காற்று போகும் துளையை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்சாரைக் கையால் மட்டும்தான் திருக வேண்டும். பின் அழுந்தும்போது ஒரு சீறல் கேட்கும், இன்னும் கொஞ்சம் திருகினால் அது நிற்கும். நின்ற பிறகு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் கழுத்தில் சோப்புத் தண்ணீர். வீட்டுச் சூட்டிலிருந்து வந்த சென்சார் வெளிக்குளிருக்குப் பழகச் சற்று நேரம் எடுக்கும், அதுவரை திரையில் வரும் வெப்ப எண்ணை நம்ப வேண்டாம். அழுத்தம் கை மானியோடு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வேறுபடுவது சகஜம். ஐந்தும் ஒரே பக்கமாக வேறுபட்டால் கவலையில்லை, ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதைக் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும். அன்று ஐந்தும் ஒத்துப்போயின. எச்சரிக்கை எல்லையை அன்றைய 65-ஐ அடிப்படையாக வைத்துப் புதிதாக அமைத்துக்கொண்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாகப் பைனரிக்குக் கிளம்பினார்.

மீதி ரப்பர் வால்வுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அந்த டயர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, மாற்றும்போது வால்வையும் சேர்த்து உலோகத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் குழாயை விரலால் வளைத்து அடிரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் சென்சாரை மாட்டுகிறார்.